‘சின்னதாயிடுச்சு’ கம்பெனியிலிருந்து அண்ணிக்கு

அன்பும் மரியாதையும் உரித்தான அண்ணி அவர்களுக்கு,

இந்த நேரத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மணி ஒன்றே கால். ஊர் அடங்கி, நாய் அடங்கி, மாடி வீட்டுக்காரர் குறட்டைகூட அடங்கிவிட்டது. ஆனால் குழந்தை இப்போதுதான் தூங்கினாள், கடைசி லோடு துணி இப்போதுதான் மெஷினில் சுற்றுகிறது, சுற்றும்போது நம் மெஷின் நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. போன வாரம் கொஞ்சம் கண் அசந்ததில் குளியலறையிலிருந்து கிளம்பி, ஹாலைத் தாண்டி, வாசல் கதவை முட்டிக்கொண்டு நின்றது. ஒயர் மட்டும் இன்னும் நீளமாக இருந்திருந்தால் அதுவும் போய் உங்கள் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருக்கும். அதனால் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். நீங்கள் உட்கார்ந்தால் அடங்கி நின்ற மெஷின் என்னை மதிப்பதில்லை. (எடையைச் சொல்லவில்லை அண்ணி, மரியாதையைச் சொல்கிறேன்.) எழுத்து ஆடினால் அதுதான் காரணம், வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இங்கே எல்லாரும் நலம். அதாவது குழந்தைக்குச் சளி, அவருக்கு இடுப்புப் பிடிப்பு, எனக்குத் தூக்கம் கிடையாது, மெஷினுக்கு ஒரு கால் கிடையாது, மற்றபடி நலம். உங்கள் நலமும் பிள்ளைகள் இருவர் நலமும் அறிய ஆசை. அண்ணனையும் விசாரித்ததாகச் சொல்லவும். கூடப் பிறந்தவனை விட்டுவிட்டு அவன் பெண்டாட்டிக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறாள் என்று பிறகு அதற்கும் ஒரு பாட்டுப் பாடுவான். தாளைத் திருப்பிப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். நம் பழைய டெலிவரி சீட்டுகளின் பின்பக்கத்தில்தான் எழுதுகிறேன். ‘இரண்டு கவுன், ஒரு ஸ்வெட்டர், காலரில் கறை, மற்றபடி நல்ல நிலை’ என்று இருப்பது உங்களைப் பற்றியது அல்ல.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். கம்பெனி கொடுத்த உங்கள் புது நம்பருக்கு, நீங்கள் போன புதிதில், நானும் ஒரு செய்தி அனுப்பினேன், “அண்ணி, குழந்தை நடக்க ஆரம்பிச்சுட்டா” என்று. ஒரே நொடியில் கம்பெனி கம்ப்யூட்டரே பதில் போட்டது. ‘தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். குழந்தை நடக்கும் பிரச்சினை இருபத்துநான்கு மணி நேரத்தில் சரிசெய்யப்படும்.’ மறுநாள் குழந்தை மேசை முனையில் இடித்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்று அடம்பிடித்ததும் எனக்கு நிஜமாகவே பகீரென்றது, உங்கள் ஆட்கள் சரிசெய்துவிட்டார்களோ என்று. அதிலிருந்து போனை நம்புவதில்லை. தபால்காரருக்கு இன்னும் யாரும் அறிவு வைக்கவில்லை, அவர் உங்கள் வீட்டுக் கதவிடுக்கில் போட்டுவிட்டுப் போய்விடுவார், பாருங்கள், அதுதான் நிம்மதி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமைக்குள் நான் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஆனால் ஆதியிலிருந்து சொன்னால்தான் புரியும்.

நீங்கள் போன அன்றைக்கு, டாக்சியில் பெட்டியெல்லாம் ஏற்றியாச்சு, பிள்ளைகள் கையாட்டியாச்சு, நீங்கள் கண்ணாடியை இறக்கி ஏதோ சொல்லப் போகிறீர்கள் என்று நான் ஓடி வந்தேன். “வெள்ளைத் துணி ஊற வச்சிருக்கேன், மறந்துடாதே” என்றீர்கள். அவ்வளவுதான். மூணு வருஷம் ஒரே அறையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு வேலை பார்த்ததற்கு அது ஒன்றுதான் விடை. நான் அந்தத் துணியை மூணு நாள் எடுக்கவே இல்லை. அப்புறம் நாற்றம் வந்துவிட்டது, எடுத்துத்தானே ஆகணும்.

நீங்கள் போனது தப்பென்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அண்ணன் வேலை பார்த்த இடத்தை மூடிட்டாங்க, ரெண்டு பிள்ளைங்க படிப்பு, நம்ம கம்பெனியில சம்பளம்னு ஒண்ணை நாம எடுத்ததே கிடையாது, மிச்சமிருந்தா சோப்புத்தூள், அதுக்கும் மேல மிச்சமிருந்தா இன்னொரு அலமாரி. “நாத்தனாரும் அண்ணியும் சேர்ந்து தொழிலா? ஆறு மாசத்துல ஒருத்தி முடி இன்னொருத்தி கையில இருக்கும்”னு எல்லாரும் பந்தயம் கட்டினாங்க. பழைய மெஷின் ஒண்ணு, இரும்பு அலமாரி மூணு, ஒரு இஸ்திரிப் பெட்டி, என் கல்லூரிக் காலத்துக் கம்ப்யூட்டர். பிள்ளைங்க துணி மூணு மாசத்துல சேராமப் போயிடுது, வாங்கி வாங்கி யாருக்குக் கட்டுப்படி ஆகும், வாடகைக்குக் குடுப்போம், சின்னதானா திருப்பி வாங்கித் துவைச்சு அடுத்த பிள்ளைக்குக் குடுப்போம்னு நீங்கதான் சொன்னீங்க. பேரு வைக்கத் தெரியாம முழிச்சிட்டிருந்தப்ப முதல் போன் வந்துச்சு. எடுத்தவுடனே அந்தம்மா “சின்னதாயிடுச்சு”ன்னாங்க. ரெண்டாவது போனும் “சின்னதாயிடுச்சு”. அதையே பேரா வச்சுட்டோம்.

இப்ப உங்க கம்பெனி கதைக்கு வரேன். நீங்க சம்பளம் வாங்கற இடம், குறை சொல்லக் கூடாது, ஆனா இங்க எல்லாரும் அதைப் பலூன் கம்பெனின்னுதான் சொல்றாங்க, ஒவ்வொரு பையோடவும் ஒரு பலூன் வருதே அதனால. ரெண்டு தெரு தள்ளி கிளை திறந்தாங்க, நம்மளை மாதிரியே பிள்ளைத்துணி வாடகைக்கு. முதல் மாசம் துணி இலவசம், ரெண்டாவது மாசமும் இலவசம், தோழியைச் சேத்துவிட்டா மூணாவது மாசமும் இலவசம். சும்மா வர மாட்டைப் பல்லைப் பிடிச்சா பாப்பாங்க? நாப்பத்திமூணு வீடா இருந்தது பதினொண்ணு ஆச்சு. நம்ம இரட்டைப்பிள்ளை அம்மா மட்டும்தான் நேர்ல வந்து சொல்லிட்டுப் போனாங்க, மத்தவங்க எல்லாம் என்னைத் தெருவுல பாத்தா எதிர்ப்பக்கம் போனாங்க. எனக்குச் சங்கடமா இருக்கக் கூடாதேன்னு நானும் எதிர்ப்பக்கம் போனேன், அங்க வேற ஒருத்தர் வந்துட்டிருந்தாங்க.

அந்தக் கிளையோட லிஃப்டைப் பராமரிக்கிறது எங்க வீட்டுக்காரர் வேலை பாக்கற கம்பெனிதான், அதனால உள்ள என்ன இருக்குன்னு எனக்கு வாரா வாரம் செய்தி வந்துடும். “ரெண்டே மாடிதான், ஆனா லிஃப்டுக்குள்ள சோபா போட்டிருக்கான்” என்றார். ஊஞ்சல் இருக்காம், சறுக்குமரம் இருக்காம், ஆபீஸ் ஆளுங்க மேல் மாடியிலேர்ந்து சறுக்கித்தான் கீழே வருவாங்களாம், தூங்கறதுக்கு ஒரு அறை, கத்தறதுக்கு ஒரு அறை. “கத்தறதுக்கு எதுக்கு அறை?”ன்னு கேட்டேன். “நம்ம வீட்டுல எல்லா அறையும் அதுதானே, அவங்க பாவம் தனியா கட்டவேண்டியிருக்கு” என்றார். குழந்தைங்க துணிக் கம்பெனியில அத்தனை விளையாட்டுச் சாமானும் இருக்கு, குழந்தை மட்டும் ஒண்ணுகூட இல்லையாம். “இவங்க மேலே போற வேகத்தைப் பாத்தா பொறாமையா இல்லையா உங்களுக்கு?”ன்னேன். அவர் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே, “லிஃப்ட் மேலே போறதை எவனும் சோதிக்க மாட்டான். பிரேக்கைத்தான் சோதிப்பான்” என்றார். அவருக்கென்ன, தத்துவம் சொல்லிட்டுத் தூங்கிட்டார்.

இந்தப் பலூனால எங்க வீட்டுல ஒரு கூத்து. பக்கத்து வீடுகள்ல மிஞ்சற பலூனெல்லாம் நம்ம வீட்டுக்கு வந்துடும், குழந்தை இருக்காளேன்னு. “இது அத்தை கம்பெனி பலூன்”னு நான் ஒரு நாள் சொல்லித் தொலைச்சேன். அவ பலூனுக்கே “அத்தை”ன்னு பேர் வச்சுட்டா. கூரையில ஒட்டிக்கிட்டிருக்கறதைக் காட்டி “அத்தை, அத்தை”ன்னு கூப்பிடறா. இறங்கி வரமாட்டேங்குது. வெடிச்சா “அத்தை போச்சு”ன்னு ஒரு மணி நேரம் அழுகை. போன வெள்ளிக்கிழமை ஒரு பலூன் காத்து இறங்கி, சுருங்கிப்போய்க் கட்டிலுக்கு அடியில கிடந்துச்சு, அதை எடுத்துட்டு வந்து என் மடியில வச்சு, “அத்தை சின்னதாயிச்சு”ங்கறா. நான் இஸ்திரி போட்டுட்டிருந்தேன். ஒரு சட்டை கருகிடுச்சு.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம் இரட்டைப்பிள்ளை அம்மா வந்து வாசல்ல நிக்கறாங்க. ரெண்டு கையிலயும் மூட்டை மாதிரி பை.

“உள்ள வரலாமா?”ன்னாங்க.

“கதவு திறந்துதானே கிடக்கு.”

“உனக்கு நான் துரோகம் பண்ணிட்டேன்.”

“அக்கா, கைப்பிடியளவு சட்டைக்கெல்லாம் துரோகம்னு பெரிய வார்த்தை சொல்லாதீங்க. உக்காருங்க.”

உக்காரல. பையைக் கவிழ்த்தாங்க. இருபத்தெட்டு சட்டை அண்ணி. எல்லாம் மஞ்சள், எல்லாத்துலயும் வாத்து, எல்லாம் ஒரே அளவு. எனக்கு ஒண்ணும் புரியல.

“என்னக்கா இது, வாத்துப் பண்ணையா?”

“சொல்றேன் கேளு. சட்டை சின்னதாயிடுச்சுன்னு போன் பண்ணேன். மெஷின்தான் பேசுது. ‘எங்கள் துணி சுருங்கியதற்கு வருந்துகிறோம்’னு சொல்லி அதே அளவுல புதுசு அனுப்பிச்சு. ரெண்டு பசங்களுக்கு ரெண்டு சட்டை, ரெண்டு பலூன். போட்டுப் பாத்தா சேருமா? மறுபடி போன் பண்ணி, ‘இதுவும் சின்னதாயிடுச்சுப்பா’ன்னேன். ‘மிகவும் வருந்துகிறோம்’னு மறுபடி அதே சட்டை. நான் சொல்லச் சொல்ல அது வருந்துது, அது வருந்த வருந்த வாத்து வருது. பதினாலு தடவை!”

“பிள்ளைங்க பெரிசாயிட்டாங்கன்னு சொல்லிப் பாக்க வேண்டியதுதானே?”

“அதையும் சொன்னேன். ‘மனமார்ந்த வாழ்த்துக்கள்’னு சொல்லிட்டு வச்சுடுச்சு.”

நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்புல குழந்தை பயந்து எழுந்துட்டா. சிரிச்சு முடிச்சதும் எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. எந்தத் தாய்க்காரி அண்ணி ‘என் பிள்ளை பெரிசாயிடுச்சு’ன்னு சொல்லுவா? நேத்து உள்ளங்கையில அடங்கினது இன்னிக்கு அடங்கலன்னு ஒத்துக்க நமக்கு மனசு வரதில்லை. பழியைச் சட்டை மேல போடறோம். பிள்ளை அப்படியேதான் இருக்கு, சட்டைதான் சின்னதாயிடுச்சு. இது உங்களுக்குத் தெரியும். முதல் போன்லயே தெரிஞ்சுக்கிட்டீங்க. அந்த மெஷினுக்கு யாரும் சொல்லலை போல.

அன்னிக்கு அந்த இரட்டைப் பயலுகளுக்கு நான்தான் அளவு பாத்தேன், உங்க முறையிலதான். வயசைக் கேக்கல. “இடுப்புல தூக்கி வச்சா கால் எது வரைக்கும் வருது?”ன்னு கேட்டேன். “முட்டிக்கு ஒரு சாண் மேல.” “மேல்தட்டு டப்பாவை ஸ்டூல் போடாம எடுப்பீங்களா?” “எடுப்பேன்.” உயரமான அம்மா, அப்ப மூணாவது அலமாரி, ரெண்டாவது தட்டு. கச்சிதமா இருந்துச்சு. நீங்க பக்கத்துல நின்னு பாத்திருந்தா “தோள்ல ஒரு விரற்கடை பத்தாதுடி”ன்னு ஏதாவது நொட்டை சொல்லியிருப்பீங்க. அப்படிச் சொல்லுவீங்கன்னு ஒரு நிமிஷம் காத்துக்கிட்டே நின்னேன். அந்தக்கா, “என்ன ஆச்சு?”ன்னாங்க. “ஒண்ணுமில்லை, குனிஞ்சதுல தலை சுத்துது”ன்னேன்.

அதுக்கப்புறம் கேக்கணுமா. அந்தக்கா போய்ச் சொல்ல, ஒவ்வொருத்தரா வர ஆரம்பிச்சாங்க, ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு பை, யானை போட்டது, முயல் போட்டது, ஒரு வீட்டுல அறுபது ஜோடிக் காலுறை. “இதை வச்சுக்கிட்டு எங்களுக்குச் சேர்றதா குடு.” மூணு அலமாரியும் நிறைஞ்சு, கட்டிலுக்கு அடியில வச்சு, கட்டில் மேல வச்சு, நாங்க மூணு பேரும் நாலு நாள் ஹால்ல படுத்தோம். குழந்தையைக் காணோம்னு ஒரு தடவை வீடெல்லாம் தேடினா, கடைசியில முயல் குவியலுக்குள்ள தூங்கிட்டிருக்கா. பூனை தூக்கிட்டுப் போச்சோ, மாடிப்படியில உருண்டாளோன்னு அந்த ரெண்டு நிமிஷத்துல நான் நினைக்காதது பாக்கியில்லை. மறுநாளே எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துடறதுன்னு முடிவு பண்ணேன். அவர், “இத்தனை புதுத் துணி, யாரோ போட்ட பணம், உனக்கு என்ன வந்துச்சு, வச்சுக்க” என்றார். நான் சொன்னேன், நம்ம அலமாரியில இதுவரைக்கும் ஒரு பித்தான்கூட நாம உழைக்காம வந்ததில்லை, அண்ணி கேட்டா நான் என்ன பதில் சொல்றது? அவர் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, “அண்ணி இருக்கறதே அந்தக் கம்பெனியிலதானேம்மா” என்றார். எனக்கு ஞாபகமே இல்லை அண்ணி, நிஜமா.

வண்டி பேசி அறுநூத்தி நாப்பத்தாறு உருப்படியையும் மடிச்சு, கட்டி, குழந்தையை இடுப்புல தூக்கிட்டு உங்க கிளைக்குப் போனேன். ஒரு பெரிய ரப்பர் பந்து மேல ஒரு தம்பி உக்காந்திருந்தார். சட்டையில ‘மகிழ்ச்சி அதிகாரி’ன்னு எழுதியிருந்துச்சு. முகம் என்னவோ ரொம்பக் கவலையா இருந்துச்சு.

“இதையெல்லாம் திருப்பித் தர வந்தேன் தம்பி.”

“திருப்பித் தரவா? ஏன் மேடம்?”

“எங்களோடது இல்லையே.”

“எங்களோடதும் இல்லை மேடம். வெளியே போனதா பதிவாயிடுச்சு. போனதெல்லாம் வளர்ச்சியில சேந்துடுச்சு. இப்ப உள்ள வந்தா வளர்ச்சி குறைஞ்சுடும்.”

“அப்ப இது யாரோடதுதான்?”

கொஞ்ச நேரம் பந்து மேல ஆடி யோசிச்சார். “முதலீடு பண்ணவரோடதுன்னு வச்சுக்கலாம்.”

“அவர் எங்க இருப்பார்? அவர்கிட்டயே குடுத்துடறேன்.”

“அவருக்கு இந்த அளவு சேராது மேடம்.”

எனக்கு அந்தத் தம்பியைப் பிடிச்சுப் போச்சு. நல்ல பிள்ளை, சாப்பிடாம கொள்ளாம வேலை பாக்குது போல. என்ன ஆச்சுன்னு நானே எடுத்துச் சொன்னேன். ‘சின்னதாயிடுச்சு’ன்னா துணி சுருங்கிடுச்சுன்னு அர்த்தமில்லை, பிள்ளை வளந்துடுச்சுன்னு அர்த்தம்னு சொன்னதும் அவர் பந்துலேர்ந்து கீழயே விழுந்துட்டார். “அப்ப மூணு மாசமா நாங்க...”ன்னார். “ஆமாம் தம்பி”ன்னேன். எழுந்து நேரா அந்தக் கத்தற அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டார். வெளியே ஒண்ணும் கேக்கல, நல்லாத்தான் கட்டியிருக்காங்க. குழந்தை அதுக்குள்ள சறுக்குமரத்துல ஏறிட்டா. அந்த ஆபீஸ் திறந்ததுலேர்ந்து அதுல சறுக்கின முதல் குழந்தை நம்மவதானாம். மூணு பேர் எழுந்து நின்னு வேடிக்கை பாத்தாங்க.

அவர் வெளியே வந்ததும் நான் கேட்டேன், கேக்கக் கூடாதுன்னுதான் நினைச்சேன், வாய் நிக்கல, “தலைமை ஆபீஸ்ல எங்க அண்ணி இருக்காங்களே, அவங்களைக் கேட்டிருந்தா ஒரே வார்த்தையில சொல்லியிருப்பாங்களே”ன்னு. “ஓ, அந்த மேடமா! அளவுத் துறைத் தலைவி! ஆனா அளவெல்லாம் மெஷின்தான் பாக்குது மேடம்.” “அப்ப அவங்க என்ன பாக்கறாங்க?” “அவங்க தலைவி மேடம்”னு சொல்லி, போன்ல உங்க படத்தைக் காட்டினார். வட்டமா ஒரு சோபா, நடுவுல நீங்க. கையில காப்பிக் கோப்பை. கழுத்துல அட்டை. சிரிச்சிட்டிருந்தீங்க. எனக்கு அந்தச் சிரிப்புத் தெரியும் அண்ணி. கறை போகாதுன்னு தெரிஞ்சும் “பாக்கலாம், போயிடும்”னு வாடிக்கையாளர்கிட்ட சொல்லுவீங்களே, அந்தச் சிரிப்பு.

நான் அப்பவே கிளம்பியிருக்கணும். அதுக்குள்ள அவர் மேல எங்கயோ போன் பண்ணிப் பேசிட்டு ஓடி வந்தார். என்னை வேலைக்கு எடுத்துக்கறாங்களாம். நம்ம கம்பெனியை அப்படியே வாங்கிக்கறாங்களாம், பேரு, அலமாரி, வாடிக்கை வீடுங்க எல்லாத்தோடயும். பேரை மட்டும் மாத்திடுவாங்களாம். “சின்னதாயிடுச்சுன்னு பேர் வச்சா கம்பெனி எப்படி மேடம் வளரும்?”ன்னார். “எங்க தொழில்ல பிள்ளை வளந்தாத்தான் தம்பி சட்டை சின்னதாகும்”னேன். அவர் அதையும் குறிச்சுக்கிட்டார். சம்பளம்னு ஒரு எண் சொன்னார், அதுல எத்தனை பூஜ்யம்னு எனக்கு விரல்விட்டு எண்ண வெக்கமா இருந்துச்சு. அதெல்லாம்கூட என்னை அசைக்கல. கடைசியா ஒண்ணு சொன்னார். “தலைமை ஆபீஸ்லதான் மேடம் இடம். அந்த மேடத்துக்குப் பக்கத்து மேசை காலியாத்தான் இருக்கு.” ஏழு பக்க ஃபாரம் ஒண்ணைக் கையில குடுத்தார். திங்கட்கிழமைக்குள்ள கையெழுத்து.

அன்னிக்கு எப்படி வீடு வந்து சேந்தேன்னே தெரியல. துணி அத்தனையும் வண்டியிலயே திரும்பி வந்துச்சு, கூட சிறந்த வாடிக்கையாளர்னு ஒரு பலூன் வேற.

பக்கத்து மேசை எப்படி இருக்கும்னு நான் நினைச்சுப் பாத்தது உண்மைதான். மறைக்க என்ன இருக்கு. இங்க மேசையே ஏது, இஸ்திரிப் பலகைதானே நமக்கு மேசை, அதுலதானே சாப்பாடு, அதுலதானே கணக்கு, அதுலதானே நம்ம குழந்தைக்கு நாப்பி மாத்தினது. நீங்க மடிப்பீங்க, நான் முடிச்சுப் போடுவேன். பேசாமலே ஒரு மத்தியானம் முழுக்கப் போகும். திடீர்னு நீங்க எதையோ நினைச்சுச் சிரிப்பீங்க, என்னன்னு கேட்டா சொல்ல மாட்டீங்க. இப்பல்லாம் நானே மடிச்சு நானே முடிச்சுப் போடறேன், வேலை அதே நேரத்துக்குத்தான் முடியுது, ஆனா மத்தியானம்னு ஒண்ணு ரொம்ப நீளமா இருக்கு. குழந்தை லேசா இருமினாலும் “அண்ணி, இது சளியா, நெஞ்சுச் சளியா?”ன்னு வாய்விட்டுக் கேட்டுடறேன். இஸ்திரிப் பெட்டி உஸ்ங்குது, அதுதான் பதில்.

இருந்தாலும் அண்ணி, நான் நல்லா யோசிச்சு முடிவு பண்ணிட்டேன். நான் கையெழுத்துப் போடப் போறதில்லை. ஃபாரத்தை அன்னிக்கே கிழிச்சுக் குப்பையில போட்டாச்சு. பதினொண்ணு இப்ப இருபத்தாறு வீடு ஆயிருக்கு, எல்லாம் காசு குடுத்து வாங்கறவங்க. திருப்பிக் குடுக்க முடியாத துணியை அங்க பிறக்கற பிள்ளைங்களுக்குக் காசில்லாம குடுக்க ஒரு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுல கேட்டிருக்கேன், ஆயாம்மா சரின்னுட்டாங்க. மெஷினுக்குக் கால் வாங்கணும், அதுக்குப் பிறகு யாரும் அது மேல உக்கார வேண்டியதில்லை. நீங்க அங்க சந்தோஷமா இருங்க. பிள்ளைங்க படிப்பைப் பாருங்க. என்னைப் பத்தி ஒரு கவலையும் வேண்டாம். எனக்கு யாரும் இல்லைன்னு ஒரு குறையும் இல்லை. தனியா நடத்தப் பழகிட்டேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சிறியவர்களுக்கு என் முத்தத்தையும், அண்ணனுக்கு என் சண்டையையும் பாக்கியில்லாமல் சேர்த்துவிடவும். உங்கள் கை நம் குழந்தையின் தலைமேல் இருப்பதாக நினைத்துக்கொண்டு இத்துடன் முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்
(அடித்திருக்கும் இடத்தில் ‘பங்குதாரர்’ என்று இருந்தது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டாம்)

பின்குறிப்பு: ஃபாரத்தைக் கிழிச்சேன்னு எழுதினது பொய் அண்ணி. தலையணைக்கு அடியில இருக்கு. ஏழு பக்கமும் நிரப்பியாச்சு, அழகான கையெழுத்துல, பிறந்த தேதி, படிப்பு, கண் பார்வை எல்லாம். அஞ்சாம் பக்கத்துல ஒரே ஒரு கட்டம் மட்டும் காலி. ‘தற்போதைய நிறுவனத்தை விட்டு விலகக் காரணம்.’ மூணு நாளா பேனாவைத் திறக்கறேன், மூடறேன். சம்பளம்னு எழுதலாம், அது உண்மையில்லை. அண்ணின்னு எழுதலாம், அது அவங்களுக்குப் புரியாது. உங்களுக்கும் இதே ஃபாரத்தைத்தானே குடுத்திருப்பாங்க? அந்தக் கட்டத்துல நீங்க என்ன எழுதினீங்க? கோபத்துல கேக்கல, சத்தியமா. நீங்க எழுதினதையே நானும் பாத்து எழுதிட்டு அங்க வந்துடறேன். இல்லை, எழுதின அன்னிக்கே கை வரலைன்னா, இன்னிக்கும் திரும்பி வந்துடலாமான்னு தோணுதுன்னா, அதையும் ஒரு வரி எழுதிடுங்க, ஃபாரத்தைக் கிழிக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும், உங்க பெட்டியை இறக்க நானே டாக்சி கிட்ட வந்து நிப்பேன். இன்னிக்குச் செவ்வாய். தபால் வர ரெண்டு நாள், போக ரெண்டு நாள். சீக்கிரம் பதில் போடுங்க அண்ணி.